ஒரு பாட்டுக்கு ஒரு கித்தார்

இசைக்கருவி சிறந்ததாக இருந்தால்தான் இசையும் சிறக்கும் என்பது மக்கள் பொதுவாகக் கொண்டுள்ள எண்ணம். நல்ல பலா மரத்தில் கடைந்த வீணைக்கும், நன்கு விளைந்த மூங்கிலில் துளையிட்ட குழலுக்கும் இசைவாணர் பெருவிலை கொடுப்பது அதனால்தான். ஆனால், பிறர் வேண்டாவென்று ஒதுக்கிய கருவிகளைக் குறைந்த விலைக்கு வாங்கி, அவற்றின் குறைகளையே தம் இசைக்கு முதலாக்கி, முப்பது ஆண்டுக் காலம் பல நாடுகளிலும் வாசித்துப் புகழ்பெற்ற ஒரு குழுவும் உண்டு. அமெரிக்காவின் நியூயார்க் நகரில் 1981ஆம் ஆண்டு தோன்றிய 'சோனிக் யூத்' என்னும் ராக் இசைக்குழுவே அது. அக்குழுவின் கித்தார்க் கலைஞர்களான தர்ஸ்டன் மூரும் லீ ரனால்டோவும் எத்தகைய கித்தார்களை வாசித்தனர், அவற்றை ஏன் தேர்ந்துகொண்டனர், அவை களவு போனபோது கருவிகளோடு சேர்ந்து வேறு எது போயிற்று என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

குழுவும் அதன் சூழலும்

ராக் இசையில் 'இண்டி' என்று ஒரு பிரிவு உண்டு. 'எவரையும் சாராதது' என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் குறுக்கமே இப்பெயர். பெரிய இசைத்தட்டு நிறுவனங்களைச் சாராது, சிறு நிறுவனங்களின் வாயிலாகத் தம் பாடல்களை வெளியிட்ட குழுக்களுக்கு முதலில் இப்பெயர் வழங்கிற்று. பின்னர் அது ஆகுபெயராய் அவர்தம் இசைப்பாங்கையும் குறிக்கலாயிற்று. பெருநிறுவனத்தின் பணம் இல்லாத இடத்தில் விலையுயர்ந்த கருவிகளும் இல்லை. சோனிக் யூத்தின் கதை தொடங்குவது இந்த இல்லாமையில்தான்.

ரனால்டோ 1956இல் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த கிளென் கோவ் என்னும் ஊரில் பிறந்தவர். மூர் 1958இல் புளோரிடாவில் பிறந்து, கனெக்டிகட் மாநிலத்தில் வளர்ந்தவர். இவர்களோடு கிம் கார்டன் என்னும் அம்மையாரும் சேர்ந்து குழு உருவாயிற்று. அவர் தாழ்ந்த ஒலியையுடைய 'பேஸ்' கித்தார் வாசித்ததோடு பாடவும் செய்தார். 1985இல் ஸ்டீவ் ஷெல்லி முரசு வாசிக்க வந்து சேர்ந்த பின் குழு நிலைபெற்றது.

மூரும் ரனால்டோவும் கிளென் பிராங்கா (1948–2018) என்னும் இசையமைப்பாளரின் குழுவில் வாசித்துப் பழகியவர்கள். பல மின்கித்தார்களை ஒருங்கே ஒலிக்கச் செய்து, அவற்றின் தந்திகளை வழக்கத்துக்கு மாறாகச் சுருதி கூட்டி, ஒலியை மலைபோல் எழுப்புவது பிராங்காவின் முறை. 'கித்தாரின் சுருதி இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எவர் விதித்தார்?' என்னும் கேள்வியை இருவர் உள்ளத்திலும் ஊன்றியதில் அவருக்குப் பங்குண்டு. சோனிக் யூத்தின் முதல் இசைத்தட்டு 1982இல் வெளிவந்ததும் பிராங்காவோடு தொடர்புடைய 'நியூட்ரல்' என்னும் சிறு நிறுவனத்தின் வழியாகத்தான்.

கித்தாரின் பொதுச் சுருதி

அவர்கள் செய்த மாறுதலை உணர, வழக்கமான சுருதியை முதலில் அறிதல் வேண்டும். கித்தாருக்கு ஆறு தந்திகள். தடித்த தந்தியிலிருந்து மெல்லிய தந்தி வரை அவற்றை முறையே ஈ, ஏ, டீ, ஜீ, பீ, ஈ என்னும் சுரங்களில் வைப்பர். தடித்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 82 முறையும், அடுத்தது 110 முறையும், கடைசியான மெல்லிய தந்தி ஏறத்தாழ 330 முறையும் அதிரும். அடுத்தடுத்த தந்திகளுக்கு இடையே உள்ள தொலைவு, ஓரிடம் நீங்கலாக, நம் இசையில் சட்சத்துக்கும் சுத்த மத்திமத்துக்கும் உள்ள தொலைவாகும். ஜீ, பீ ஆகிய இரண்டுக்கும் இடையே மட்டும் அது சட்சத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் உள்ள அளவாகக் குறையும்.

கித்தாரின் தண்டியில், வீணையிற்போலவே, மெட்டுகள் பதித்திருப்பர். அடுத்தடுத்த ஒவ்வொரு மெட்டும் தந்தியின் எஞ்சிய நீளத்தில் ஏறத்தாழ 18இல் ஒரு பங்கைக் குறைக்கும்; சுரம் அரைப்படி உயரும். ஆகவே ஒரே சுருதியில் வைத்த ஒரு கித்தாரில் எல்லாச் சுரங்களையும் விரலை நகர்த்தியே பெறலாம். மெட்டுள்ள கருவியின் பெரும் பயன் இதுவே. பழந்தமிழரின் யாழில் ஒரு நரம்புக்கு ஒரு சுரமே உண்டு. பண் மாறினால் நரம்பின் கட்டையும் மாற்ற வேண்டியிருந்தது. மெட்டு அந்தத் தொல்லையைப் போக்கிற்று.

மலிவான கருவியின் குறை

நிற்க. இந்த ஒழுங்கெல்லாம் நன்கு செய்த கித்தாருக்கே பொருந்தும். மலிவான கித்தாரில் முறுக்காணி தளர்ந்து சுருதி நழுவும். தண்டி வளைந்திருக்கும். மெட்டு தன் இடத்தினின்றும் ஒரு மயிரிழை விலகியிருந்தாலும் சுரம் பிசகும். பொதுச் சுருதியில் பலரும் அறிந்த ஓர் இசையடுக்கை அதில் மீட்டினால், கேட்பவர் காது உடனே பிழையைக் கண்டுகொள்ளும். ஏனெனில், அவ்விசையடுக்கின் சரியான ஒலி அவர் நினைவில் ஏற்கனவே உள்ளது.

மூரும் ரனால்டோவும் அந்நாளில் வாங்க முடிந்தவை அத்தகைய கருவிகளே. அவர்களுக்கு இரண்டு வழிகள் இருந்தன. நல்ல கருவி வாங்கும் காலம் வரும்வரை காத்திருப்பது ஒன்று. கையிலுள்ள கருவி எந்தச் சுருதியில் தனக்கென ஓர் ஒலியைத் தருகிறதோ, அந்தச் சுருதியைத் தேடிக் கண்டுபிடிப்பது மற்றொன்று. அவர்கள் இரண்டாம் வழியை மேற்கொண்டனர். எவரும் முன்பு கேட்டிராத சுருதியில் 'இது பிழை' என்று சொல்ல அளவுகோல் இல்லையன்றோ? பொதுச் சுருதியில் குற்றமாய்த் தோன்றியது புதிய சுருதியில் அக்கருவியின் குணமாய் நின்றது.

புதிய சுருதிகள்

அவர்கள் கண்ட சுருதிகள் பற்பல. ஒன்றில் நான்கு தந்திகளையும் எப் கூர்மை என்னும் ஒரே சுரப்பெயரில் வைத்து, ஐந்தாவதை ஈ ஆகவும் ஆறாவதைப் பீ ஆகவும் வைத்தனர். கையிலெடுத்து மீட்டினால் தம்புராவைப்போல ஒரே சுரம் பல குரலில் முழங்கும்.

மற்றொரு சுருதி தமிழாசிரியருக்குத் தனிச் சுவை தருவது. 1988இல் வெளிவந்த 'டேட்ரீம் நேஷன்' என்னும் இரட்டை இசைத்தட்டின் முதற்பாடல் 'டீன் ஏஜ் ரயட்'. அதில் ஆறு தந்திகளின் சுரங்கள் ஜீ, ஏ, பீ, டீ, ஈ, ஜீ என அமைந்துள்ளன. ஜீயைச் சட்சமாகக் கொண்டு எண்ணினால் இவை ச, ரி, க, ப, த, ச ஆகும். மத்திமமும் நிடாதமும் நீங்கிய இந்த ஐந்து சுர வரிசை மோகன ராகத்தின் வரிசையே. முல்லைப்பண் என்று இசையறிஞர் பலர் கூறுவதும் இதனையே. மோகனத்தை அறிந்து அவர்கள் இவ்வாறு வைத்தனர் என்று கருதலாகாது. ஐந்து சுர வரிசை உலகின் பல இனத்தார் இசையிலும் காணப்படுவது. கமகமும் ஆலாபனையும் இல்லாத அவர்கள் பாட்டு மோகனமும் ஆகாது. ஆயினும் ஒன்று தெளிவு. ஒரு மெட்டையும் அழுத்தாமல் ஆறு தந்தியையும் வருடினாலே பாட்டுக்குரிய சுரங்கள் அனைத்தும் ஒலிக்கும்படி கருவியையே அவர்கள் அமைத்துவிட்டனர். மெட்டு வந்தபின் கைவிடப்பட்ட யாழ் முறைக்கு, அறியாமலே, அவர்கள் திரும்பினர் எனலாம்.

விம்மல் என்னும் இயல்பு

இரண்டு தந்திகளை ஒரே சுரத்தில் வைக்கும்போது ஓர் இயற்பியல் நிகழ்ச்சி உண்டாகிறது. ஒரு தந்தி நொடிக்கு 110 முறையும், அதன் துணை 112 முறையும் அதிர்வதாகக் கொள்வோம். இரண்டின் அலைகளும் ஒரு கணம் ஒன்றையொன்று வலுப்படுத்தும். மறுகணம் ஒன்றையொன்று தணிக்கும். அதனால் ஒலி நொடிக்கு இரண்டு முறை பெருகிச் சிறுகும். இதனையே பள்ளி அறிவியல் நூல்கள் விம்மல் என்கின்றன. அதிர்வெண்களின் வேறுபாடே விம்மலின் எண்ணிக்கை.

சுருதி சேர்ப்பவர் இந்த விம்மல் மறையும்வரை முறுக்காணியைத் திருகுவார். அவருக்கு அது பிழையின் அடையாளம். மூரும் ரனால்டோவுமோ அதை மறைய விடவில்லை. மலிவான கித்தாரில் ஒரே சுரத்தில் வைத்த தந்திகள் சற்றே நழுவி விம்முவது இயல்பு. இரு கித்தார்கள் ஒருங்கே ஒலிக்கும்போது அவ்விம்மல்கள் பலவாய்ப் பின்னிக் கடல் அலைபோல் எழுந்து விழும். சோனிக் யூத்தின் இசையை முதன்முறை கேட்பவர் 'சுருதி சேரவில்லையே' என்று ஐயுறுவதும், பழகியவர் அதையே நாடிக் கேட்பதும் இதனால்தான்.

குச்சியும் திருப்புளியும்

சுருதியோடு அவர்கள் நின்றாரல்லர். முரசடிக்கும் குச்சியையோ திருப்புளியையோ தந்திகளுக்கு அடியில் செருகி வாசித்தனர். தந்தியின் நடுவே இன்னொரு குதிரையை வைத்தது போன்றது இது. 110 அதிர்வுள்ள தந்தியை மூன்றில் ஒரு பங்கில் பிரித்தால், இழுவிசை மாறாதிருக்குமாயின், நீண்ட பகுதி 165 அதிர்வும் குறுகிய பகுதி 330 அதிர்வும் தரும். குச்சியைச் சற்றே நகர்த்தினால் இரு பகுதிகளின் உறவும் மாறும். அதனால் கித்தார் மணிபோலவும் சேகண்டிபோலவும் ஒலித்தது. விலையுயர்ந்த கருவியை வைத்திருப்பவர் அதில் திருப்புளியைச் செருகத் துணிவாரா? இழப்பதற்கு ஒன்றுமில்லாத கருவியே இச்சோதனைக்கு இடம் தந்தது.

ஜாஸ்மாஸ்டர் கித்தார்

இவ்விருவர் பெயரோடும் பிரியாது சேர்ந்துவிட்ட கித்தார் 'ஜாஸ்மாஸ்டர்' ஆகும். கலிபோர்னியாவைச் சேர்ந்த லியோ ஃபெண்டரின் நிறுவனம் 1958இல் அதை வெளியிட்டது. மூர் பிறந்த ஆண்டும் அதுவே. 1954இல் வந்த 'ஸ்டிராட்டோகாஸ்டர்' கித்தாரினும் உயர்ந்ததாக, ஜாஸ் இசைவாணருக்கென்றே அது செய்யப்பட்டது. மடியில் வைத்து வாசிக்க ஏற்றவாறு அதன் இடை ஒருபக்கம் ஏறியும் மறுபக்கம் இறங்கியும் இருக்கும். தந்தியின் அதிர்வை மின்னோட்டமாக்கும் காந்தச் சுருள்கள் அகன்று தட்டையாக அமைந்து, மென்மையான ஒலி தரும்.

ஆனால் யாருக்காகச் செய்யப்பட்டதோ அந்த ஜாஸ் வாணர் அதனை ஏற்கவில்லை. தம் பழைய கூடுடைய கித்தார்களையே போற்றினர். 1960களின் தொடக்கத்தில் 'வெஞ்சர்ஸ்' போன்ற குழுக்கள் அதனை விரும்பி வாசித்தன. பின்னர் நாகரிகம் மாறிற்று. அதை நாடுவார் குறைந்தனர். 1980ஐ ஒட்டி ஃபெண்டர் நிறுவனம் அதைச் செய்வதையே நிறுத்திற்று. அடகுக்கடைகளிலும் பழைய பொருட்கடைகளிலும் அது மற்றக் கித்தார்களைவிடக் குறைந்த விலைக்குக் கிடைத்தது. நியூயார்க்கின் 'டெலிவிஷன்' குழுவைச் சேர்ந்த டாம் வெர்லேன் முன்னரே அதை வாசித்து வந்தார். பணம் குறைந்த மூரும் ரனால்டோவும் அதன் பக்கம் திரும்பியது விலையை நோக்கியே.

வாங்கிய பின்னரே அதன் தனித்தன்மையைக் கண்டனர். ஜாஸ்மாஸ்டரில் குதிரைக்கும் தந்தியின் முனையைப் பிடித்திருக்கும் உலோகத் தகட்டுக்கும் இடையே பல அங்குல இடைவெளி உண்டு. வீணையில் குதிரைக்கும் நாகபாசத்துக்கும் இடைப்பட்ட பகுதியைப் போன்றது அது. வாசிப்பதற்கென அமைந்த பகுதியன்று. தந்தியின் அத்துண்டு தானே ஒலித்துத் தொல்லை தருகிறதென்று பலரும் குறைகூறுவர். மூரும் ரனால்டோவும் அங்கேயே தட்டி வாசித்தனர். கூர்மையான சிறுமணிகளின் ஒலி பிறந்தது. குதிரையும் தகடும் நிலையாகப் பதியாமல் சற்றே அசையக்கூடியவை. ஆதலால் அதனோடு இணைந்த கைப்பிடியை அழுத்தினால் ஆறு தந்திகளின் சுரமும் ஒருசேரத் தாழ்ந்து மீளும்.

வேண்டாதவற்றை அவர்கள் நீக்கவும் தயங்கவில்லை. ஜாஸ்மாஸ்டரின் உடலில் ஒலியளவையும் தொனியையும் மாற்றப் பல திருகுகளும் விசைகளும் உண்டு. மேடையில் கை தவறிப் பட்டால் ஒலி அடங்கிவிடும். அவற்றைக் களைந்து ஒலியளவுத் திருகு ஒன்றையும், காந்தச் சுருளைத் தேரும் விசை ஒன்றையும் மட்டும் வைத்துக்கொண்டனர். ரனால்டோ காந்தச் சுருள்களையே மாற்றி, 1970களின் 'டெலிகாஸ்டர் டீலக்ஸ்' கித்தாருக்குரிய பெரிய சுருள்களைப் பொருத்திக்கொண்டார்.

ஒரு சுருதிக்கு ஒரு கருவி

இங்கு ஓர் இடையூறு எழுந்தது. பாட்டுக்குப் பாட்டு சுருதி வேறானால், மேடையில் ஆறு தந்தியையும் மாற்றிக் கூட்ட நேரம் ஏது? மாற்றினாலும் தந்தி புதிய இழுவிசைக்குப் பழகும்வரை நழுவிக்கொண்டே இருக்கும். மேலும், தந்தியின் தடிமன் சுருதிக்கேற்ப வேறுபட வேண்டும். பருத்த தந்தியை மிக ஏற்றினால் அறும். மெல்லிய தந்தியை மிக இறக்கினால் தொய்ந்து மெட்டில் மோதும். ஆகவே ஒவ்வொரு சுருதிக்கும் ஒரு கித்தாரைத் தனியே ஒதுக்கினர். அதற்கேற்ற தந்திகளைப் பூட்டினர். குதிரையையும் அதற்கேற்பத் திருத்தினர். நாளடைவில் இன்ன பாட்டுக்கு இன்ன கித்தார் என்னும் நிலை ஏற்பட்டது. சுற்றுப்பயணத்தில் வண்டி நிறையக் கித்தார்களைக் கொண்டுசெல்வதும், ஒரு பாட்டு முடிந்ததும் கருவியை மாற்றுவதும் அக்குழுவின் வழக்கமாயின.

புகழும் வளர்ந்தது. 1990இல் 'கூ' என்னும் இசைத்தட்டைக் கெஃபன் என்ற பெரிய நிறுவனத்தின் பிரிவு வெளியிட்டது. இப்போது விலையுயர்ந்த கருவிகளை வாங்க அவர்களால் முடியும். ஆயினும் பழைய கித்தார்களை விடவில்லை, விடவும் முடியவில்லை. பாட்டுகள் அவற்றினுள் இருந்தன.

களவு

1999ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள். குழுவினர் கலிபோர்னியாவின் ஆரஞ்சு நகரில் தங்கியிருந்தனர். இரவில் நிறுத்தி வைத்திருந்த வாடகை லாரியைத் திருடர் ஓட்டிச் சென்றனர். அதில் கித்தார்கள், ஒலிபெருக்கிகள் முதலான அனைத்தும் இருந்தன. களவு போனவற்றின் அடையாளங்களைக் குழுவினர் பட்டியலிட்டு வெளியிட்டு, கண்டவர் தெரிவிக்குமாறு வேண்டினர்.

பணக் கணக்கில் பார்த்தால் இது பெரிய இழப்பன்று என்று தோன்றலாம். அடகுக்கடையில் மலிவாக வாங்கிய கருவிகள்தாமே? ஒரு வயலின் வித்துவானின் வயலின் களவு போனால் அவர் வேறொரு வயலினில் அதே கீர்த்தனையை வாசிப்பார். நயம் குறையலாம், கீர்த்தனை அழியாது. இங்கோ, சுருதியின் எழுத்துகளை எழுதி வைத்திருந்தாலும் போதவில்லை. எந்தத் தண்டியின் வளைவில், எந்தக் குதிரையின் தளர்வில், எந்தத் தந்தித் தடிமனில் அந்த ஒலி பிறந்ததோ அது இன்னொரு கருவியில் திரும்பவில்லை. எனவே பழைய பாட்டுகள் சிலவற்றை அவர்கள் வாசிப்பதே அரிதாயிற்று. திருடனுக்கு அவை விற்றுத் தள்ளவேண்டிய பழைய கித்தார்கள். குழுவுக்கோ, வேறு படியில்லாத ஏட்டுச்சுவடிகள் எரிந்தது போன்ற இழப்பு.

கருவியின் தனித்தன்மையைச் சார்ந்து வளர்ந்த கலைக்கு இது ஒரு பாடமாகவும் அமைந்தது. எல்லாரும் வைத்திருக்கும் கருவியில், எல்லாரும் அறிந்த சுருதியில் அமைந்த பாட்டு எளிதில் அழியாது. ஆயிரம் பேர் அதை மீண்டும் வாசிக்கலாம். ஒரே கருவியில் மட்டும் வாழும் பாட்டு வேறெங்கும் கேட்க முடியாத அழகை உடையது. ஆனால் அக்கருவியோடு அதற்கும் முடிவு வரும். மூரும் ரனால்டோவும் முதல் நாளிலேயே இதை எண்ணிப்பார்த்துத் தேர்ந்தனர் என்பதற்கில்லை. வறுமை காட்டிய வழியில் நடந்தவர்கள், அதன் விலையைப் பதினெட்டு ஆண்டு கழித்தே கொடுத்தனர்.

மீண்டும் தொடக்கம்

ஆனால் அவர்கள் ஓயவில்லை. எஞ்சியிருந்த பழைய கருவிகளையும் புதிதாக வாங்கியவற்றையும் கொண்டு மீண்டும் சுருதி தேடலாயினர். 2000இல் 'என்.ஒய்.சி. கோஸ்ட்ஸ் அண்ட் பிளவர்ஸ்' என்னும் இசைத்தட்டு வெளிவந்தது. கையில் கிடைத்ததைக் கேட்டு, அதற்குரியதை அமைப்பது அவர்கள் இளமையில் கற்ற பாடம். அதைத் திருடரால் கொண்டுபோக இயலவில்லை.

'டேட்ரீம் நேஷன்' அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவு ஏட்டில் இடம்பெற்றது. 2007இல் குழுவினர் அதன் பாடல்கள் முழுவதையும் பல ஊர்களில் மேடையேற்றினர். 2009இல் ஃபெண்டர் நிறுவனம் மூர் பெயரில் ஒன்றும் ரனால்டோ பெயரில் ஒன்றுமாக இரு ஜாஸ்மாஸ்டர்களை வெளியிட்டது. அவற்றில் ஒலியளவுத் திருகு ஒன்றே. இல்லாமையால் இவர்கள் வெட்டிக் குறைத்ததை, செய்த நிறுவனமே சிறப்பாகக் கொண்டு விற்றது. ஒருகாலத்தில் அடகுக்கடையில் தூங்கிய பழைய ஜாஸ்மாஸ்டர்கள் இன்று பல ஆயிரம் டாலர் பெறுகின்றன. குழு 2011இல் கலைந்தது. இருவரும் தனித்தனியே இசைப்பணியைத் தொடர்ந்தனர்.

களவு போனவற்றுள் சில, ஆண்டுகள் பல கழித்து, ஒவ்வொன்றாக உரியவர் கைக்குத் திரும்பின. பல திரும்பவில்லை. அவற்றுள் ஏதேனும் ஒன்று இன்றும் எவர் வீட்டுச் சுவரிலாவது தொங்கிக்கொண்டிருக்கலாம். அவ்வீட்டார் அதைப் பொதுச் சுருதிக்கு மாற்றி மீட்டிப் பார்த்து, 'இது சரியில்லாத கித்தார்' என்று சொல்லி மீண்டும் மாட்டிவிடவும் கூடும். அதனுள் ஒரு பாட்டு இருப்பதை அறிய, அதற்குரிய சுருதி தெரிந்திருக்க வேண்டும்.